பண்டில் ஆக்டிவ், ஆனால் வேலை நடக்கவில்லை: ஓ.எஸ்.ஜி.ஐ. கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தேடும் முறை

பண்டில் ஆக்டிவ் என்று காட்டுகிறது, லாக்கில் எரர் எதுவும் இல்லை, ஆனாலும் வேலை நடக்கவில்லை. ஜாவா நிரலைப் பண்டில் என்னும் தனித்தனி ஜார்களாகப் பிரித்து, ஓடும்போதே சேர்க்கவும் நீக்கவும் விடும் ஓ.எஸ்.ஜி.ஐ.யில் புதிதாக இறங்கியவர்கள் முதல் சில வாரங்களிலேயே இந்த நிலைக்கு வந்துவிடுவார்கள். உடனே ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பண்டிலின் விவரக் குறிப்பான மேனிஃபெஸ்ட்டில் டைனமிக் இம்போர்ட்டை நட்சத்திரக் குறியோடு, அதாவது எந்தப் பேக்கேஜையும் கேட்கும்போது தேடிக்கொள் என்று, போட்டுவிடுவார்கள். சில சமயம் கோளாறு மறைந்தும் போகும். காரணம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த ரிலீஸில் வேறு முகத்தோடு வரும்.

கீழே இருப்பது நான் கோளாறு தேடும் வரிசை. உங்கள் அறிகுறி எதுவோ நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். அதற்கு முன் அடுக்குகளை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது மாட்யூல் அடுக்கு: எந்தப் பண்டில் எந்த ஜாவா பேக்கேஜை யாரிடமிருந்து வாங்குகிறது என்பது இங்கே முடிவாகிறது. அதன் மேல் லைஃப்சைக்கிள்: இன்ஸ்டால், ரிசால்வ் (கேட்ட பேக்கேஜ்கள் எல்லாம் கிடைத்து இணைவது), ஸ்டார்ட், ஸ்டாப். அதற்கும் மேல் சர்வீஸ் ரிஜிஸ்ட்ரி: ஒரு பண்டில் தரும் ஆப்ஜெக்ட்டை மற்றவை இன்டர்ஃபேஸ் பெயரால் தேடி எடுக்கும் பதிவேடு. சர்வீஸ்களைத் தானே இணைக்கும் டிக்ளரேட்டிவ் சர்வீசஸ், அமைப்பு மதிப்புகளைத் தரும் கான்ஃபிகரேஷன் அட்மின், ஹெச்டிடிபி எல்லாம் மையக் கருவுக்குள் இல்லை. அவையும் பண்டில்களாக வந்து மேலே உட்காருபவைதான். இந்த ரன்டைமை விரிக்க முடிவதே அதனால்தான். கோளாறு வந்தால் எந்த அடுக்கு என்று குழம்புவதும் அதனால்தான்.

1999இல் இந்த முயற்சி தொடங்கியபோது குறி வைத்தது வீடுகளில் வைக்கும் கேட்வே கருவிகளை. பெட்டியை நிறுத்தாமல் அதன் ஒரு பகுதியை மட்டும் தொலைவிலிருந்து மாற்ற வேண்டும். 2004இல் எக்லிப்ஸ் 3.0 தன் பிளகின் முறையை இதற்கு மாற்றிய பிறகு டெஸ்க்டாப்புக்கும் சர்வருக்கும் பரவியது. "எதுவும் எப்போது வேண்டுமானாலும் வரும், போகும்" என்கிற எண்ணம் அந்த வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. அதை மறந்துவிட்டு எழுதிய நிரல்தான் இங்கே அதிகம் அடி வாங்குகிறது.

இத்தனை வருடத்தில் எனக்குப் படிந்த பழக்கம் ஒன்று உண்டு. அறிகுறி எந்த அடுக்கில் தெரிகிறதோ, அதற்குக் கீழ் அடுக்கில் முதலில் தேடுவேன். சர்வீஸ் வரவில்லை என்றால் வயரிங்கை, அதாவது எந்தப் பண்டில் எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பேன். கிளாஸ் கிடைக்கவில்லை என்றால் மேனிஃபெஸ்ட்டைப் பார்ப்பேன்.

உதாரணத்துக்கு மூன்று பண்டில் வைத்துக்கொள்வோம். வரிக் கணக்குக்கான இன்டர்ஃபேஸ் மட்டும் இருக்கும் ஏபிஐ பண்டில், அதைச் செயல்படுத்தும் வரிப் பண்டில், அதைப் பயன்படுத்தி பில் போடும் பில் பண்டில்.

பண்டில் இன்ஸ்டால்ட் நிலையிலேயே நிற்கிறது

இது மாட்யூல் அடுக்கின் கோளாறு. இருப்பதிலேயே நேர்மையான கோளாறும் இதுதான். என்ன வேண்டும், எது கிடைக்கவில்லை என்று பிரேம்வொர்க்கே சொல்லிவிடும். ஈக்வினாக்ஸ், ஃபீலிக்ஸ் இரண்டும் ஓ.எஸ்.ஜி.ஐ. பிரேம்வொர்க்குகள், கராஃப் அவற்றின் மேல் ஓடும் கன்டெய்னர். ஈக்வினாக்ஸ் ஷெல்லில் டயாக் கமாண்டையும், கராஃபில் பண்டில் டயாக் கமாண்டையும் அந்தப் பண்டிலின் எண்ணோடு கொடுங்கள். ஃபீலிக்ஸில் ஸ்டார்ட் கொடுத்தாலே நிறைவேறாத தேவையை எரராகக் காட்டும். செய்தி நீளமாக இருந்தால் கடைசிப் பகுதியிலிருந்து படியுங்கள். பில் பண்டிலுக்கு வரிப் பண்டில் வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்று சங்கிலியாகப் போகும். உண்மையான ஓட்டை சங்கிலியின் நுனியில் இருக்கும்.

பேக்கேஜே இல்லை என்றால் அதைத் தரும் பண்டிலை இன்ஸ்டால் செய்யுங்கள், முடிந்தது. தொல்லை தருவது "இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை?" என்பதுதான். அப்போது வெர்ஷனைப் பாருங்கள். பண்டில் வெர்ஷனும் பேக்கேஜ் வெர்ஷனும் வேறு வேறு. பண்டில் 2.3 என்று இருப்பதால் அதிலுள்ள பேக்கேஜும் 2.3 ஆகிவிடாது. எக்ஸ்போர்ட்டில் வெர்ஷன் எழுதாமல் விட்டால் அது 0.0.0. பில் பண்டில் [1.2,2) என்ற வரம்பை, அதாவது 1.2 முதல் 2க்குக் கீழே வரை, கேட்டால் 0.0.0 அதற்குள் வராது. பேக்கேஜ் கண்ணெதிரே இருந்தும் ரிசால்வ் ஆகாது.

வரம்பு எழுதும் முறையிலும் ஒரு விஷயம் உண்டு. வெறுமனே 1.2 என்று இம்போர்ட் எழுதினால் அதன் பொருள் 1.2 மட்டும் என்பது இல்லை, 1.2 முதல் மேலே எதுவும் சரி என்று பொருள். 5.0 வந்தாலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஓடும்போது உடையும். இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தும் பில் பண்டில் [1.2,2) என்று கேட்பதும், அதைச் செயல்படுத்தும் வரிப் பண்டில் [1.2,1.3) என்று கேட்பதும்தான் முறை. இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட் கூடினால் பயன்படுத்துகிறவருக்குப் பாதிப்பில்லை, செயல்படுத்துகிறவர் உடைந்துவிடுவார். ஏபிஐ 1.3 ஆனதும் வரிப் பண்டில் மட்டும் ரிசால்வ் ஆகாமல் நின்றால் வரம்பைத் தளர்த்தாதீர்கள். அது காவல்காரன் தன் வேலையைச் செய்வது. வரிப் பண்டிலைப் புது ஏபிஐக்கு எதிரே மறுபடி பில்ட் செய்யுங்கள்.

வெளியீட்டுக்கு முந்தைய பில்டான ஸ்னாப்ஷாட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேவன் பில்ட் கருவியில் 1.2.0 ஸ்னாப்ஷாட் என்பது 1.2.0க்கு முந்தையது. ஓ.எஸ்.ஜி.ஐ.யில் வெர்ஷனின் நான்காவது பகுதி வெறும் எழுத்தாக ஒப்பிடப்படுவதால் ஸ்னாப்ஷாட் என்று முடிவது 1.2.0ஐ விடப் பெரியது. இரண்டும் ஒரே ரன்டைமில் இருந்தால் பழைய ஸ்னாப்ஷாட் ஜெயிக்கலாம்.

செய்தியில் பேக்கேஜ் பெயருக்குப் பதிலாக ஓ.எஸ்.ஜி.ஐ. டாட் ஈ.ஈ. என்று வந்தால் ஜாவா வெர்ஷன் போதவில்லை. ஜாவாஎக்ஸ் எக்ஸ்எம்எல் பைண்ட் போன்றவை கிடைக்கவில்லை என்றால் ஜாவா 11ஐ நினையுங்கள். 2018இல் வந்த அந்த வெர்ஷனிலிருந்து அவை ஜேடிகேயில் இல்லை. முன்பு பிரேம்வொர்க்கின் சிஸ்டம் பண்டில் சும்மா தந்துகொண்டிருந்ததை இப்போது தனிப் பண்டிலாக நீங்கள்தான் வைக்க வேண்டும்.

எல்லாம் இருக்கிறது, ஆனால் "யூசஸ்" என்று சொல்லி ரிசால்வ் மறுக்கிறது

இந்தச் செய்தியைப் பார்த்தாலே பலருக்குக் கை நடுங்கும். விஷயம் எளிது. வரிக் கணக்கு இன்டர்ஃபேஸ் ஒரு பண வகையைத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். அந்த வகை இருக்கும் பேக்கேஜ் ரன்டைமில் இரண்டு வெர்ஷனில் இருக்கிறது. வரிப் பண்டில் ஒன்றோடும் பில் பண்டில் மற்றொன்றோடும் இணைந்தால், ஒருவர் கொடுக்கும் பணத்தை மற்றவர் வாங்க முடியாது. ஓடும்போது வெடிக்க வேண்டியதை முன்கூட்டியே தடுப்பதற்குத்தான் எக்ஸ்போர்ட்டில் யூசஸ் என்ற குறிப்பு.

செய்தியில் ஒரே பேக்கேஜுக்கு இரண்டு பாதை காட்டியிருப்பார்கள். அந்தப் பேக்கேஜை யார் யார் எக்ஸ்போர்ட் செய்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். கராஃபில் பேக்கேஜ் எக்ஸ்போர்ட்ஸ் கமாண்ட் இதற்கென்றே இருக்கிறது. தேவையில்லாத இரண்டாவது பண்டிலை நீக்குங்கள். பல நேரம் அது நாமே வைத்ததாக இருக்காது. ஏதோ ஒரு பெரிய லைப்ரரி தன் வயிற்றுக்குள் வைத்து எக்ஸ்போர்ட் செய்திருக்கும். யூசஸ் குறிப்பையே மேனிஃபெஸ்ட்டிலிருந்து அழித்துவிடலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. செய்யாதீர்கள். எரர் நடுராத்திரிக்கு மாறும், அவ்வளவுதான்.

ரிசால்வ்ட் அல்லது ஸ்டார்ட்டிங் நிலையில் நிற்கிறது

முதலில் அது கோளாறுதானா என்று பாருங்கள். வேறொரு பண்டிலோடு ஒட்டிக்கொள்ளும் ஃபிராக்மென்ட் பண்டில் ஒருபோதும் ஆக்டிவ் ஆகாது. ரிசால்வ்ட் என்பதே அதன் உச்ச நிலை. சோம்பல் ஆக்டிவேஷன் கொடுத்த பண்டில், அதன் கிளாஸ் ஒன்று முதலில் கேட்கப்படும் வரை ஸ்டார்ட்டிங்கிலேயே நிற்கும். இரண்டும் இல்லை என்றால், பண்டில் தொடங்கும்போது ஓடும் ஆக்டிவேட்டர் கிளாஸின் ஸ்டார்ட் மெத்தட் எக்செப்ஷன் வீசியிருக்கும், அல்லது உள்ளே எதற்கோ காத்துக்கொண்டிருக்கும். த்ரெட் டம்ப் எடுத்தால் தெரிந்துவிடும். ஆக்டிவேட்டருக்குள் நெட்வொர்க் வேலையோ காத்திருப்போ வைக்கவே கூடாது.

ஓடும்போது கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது

பண்டில் எந்த வரிசையில் கிளாஸைத் தேடும் என்று தெரிந்தால் பாதித் தலைவலி போய்விடும். ஜாவா டாட் என்று தொடங்குபவை மேலே உள்ள கிளாஸ்லோடருக்குப் போகும். பேக்கேஜ் இம்போர்ட் ஆகியிருந்தால் அதைத் தரும் பண்டிலிடம் மட்டும் கேட்கும். அங்கே இல்லை என்றால் தேடல் அங்கேயே முடிந்தது. அப்புறம்தான் முழுப் பண்டிலையே கேட்கும் ரிக்வயர் பண்டில் வழி, அதன் பிறகு சொந்த ஜார், ஃபிராக்மென்ட், கடைசியாக டைனமிக் இம்போர்ட்.

நடுவில் உள்ள அந்த "அங்கேயே முடிந்தது" என்பதைக் கவனியுங்கள். ஒரே பேக்கேஜின் பாதிக் கிளாஸ்கள் உங்கள் ஜாரில், மீதி வேறு ஜாரில் என்று பிரிந்து கிடந்து, அந்தப் பேக்கேஜை நீங்கள் இம்போர்ட்டும் செய்திருந்தால், உங்கள் சொந்த ஜாரில் இருக்கும் கிளாஸே உங்களுக்குக் கிடைக்காது. ஜாரைத் திறந்து பார்த்தால் கிளாஸ் இருக்கிறதே என்று மணிக்கணக்கில் திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேக்கேஜை ஒரே இடத்தில் சேருங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள்.

அடுத்து, கிளாஸ் பெயரை எழுத்தாகக் கொடுத்து ஏற்றும் நிரல். பண்டிலைக் கட்டும் பிஎன்டி கருவி பைட்கோடைப் படித்து இம்போர்ட் பட்டியலைத் தானே எழுதும். ஆனால் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் கிளாஸ் பெயர் அதன் கண்ணில் படாது. அந்தப் பேக்கேஜ் எதுவென்று உறுதியாகத் தெரிந்தால் இம்போர்ட்டில் கையால் சேர்த்துவிடுங்கள்.

லைப்ரரிகள் இன்னொரு வழியிலும் மாட்டிவிடும். பலவும் அப்போது ஓடும் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை நம்பி எழுதப்பட்டவை. அது எதுவாக இருக்க வேண்டும் என்று ஓ.எஸ்.ஜி.ஐ. விதிக்கவில்லை. அதனால் ஒரு த்ரெட்டில் ஓடுகிறது, வேறு த்ரெட்டில் ஓடவில்லை என்று வரும். அழைக்கும் முன் உங்கள் பண்டிலின் கிளாஸ்லோடரை வைத்து, ஃபைனலியில் பழையதைத் திருப்பி வையுங்கள். ஜாவாவின் சர்வீஸ்லோடரைப் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் ஏரிஸ் எஸ்பிஐ ஃப்ளை பண்டிலை வையுங்கள். அதற்கென்று ஸ்பெசிஃபிகேஷனே உண்டு. டேட்டாபேஸ் டிரைவர் என்றால் டிரைவர்மேனேஜரை விட்டுவிட்டு, டேட்டாசோர்ஸ் ஃபேக்டரியை ஒரு சர்வீஸாக வாங்குவதே நல்லது.

நட்சத்திர டைனமிக் இம்போர்ட்டை நான் எதிர்ப்பது இங்கேதான். அது எந்த வெர்ஷனோடு ஒட்டும் என்பது அந்த நேரத்தில் யார் ரன்டைமில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்று ஓடும், நாளை சம்பந்தமே இல்லாத ஒரு பண்டிலைச் சேர்த்தால் ஓடாது.

சர்வீஸ் பதிவாகியிருக்கிறது, ஆனால் என் பண்டிலுக்குத் தெரியவில்லை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஓ.எஸ்.ஜி.ஐ. உங்களுக்கு வசமாகிவிடும்.

சர்வீஸ் பட்டியலில் வரி சர்வீஸ் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் பெயரும் எழுத்துக்கு எழுத்து சரி. பில் பண்டில் கேட்டால் மட்டும் வெறுங்கை. ஏன்? ஜாவாவில் ஒரு கிளாஸின் அடையாளம் பெயர் மட்டும் கிடையாது. எந்த கிளாஸ்லோடர் ஏற்றியது என்பதும் சேர்ந்தது. பில்ட் செய்யும்போது இன்டர்ஃபேஸ் பேக்கேஜை பில் பண்டிலின் ஜாருக்குள்ளேயே வைத்துவிட்டிருப்பீர்கள். இப்போது பில் பண்டில் பார்ப்பது தன் சொந்த இன்டர்ஃபேஸ், வரிப் பண்டில் பதிவு செய்தது ஏபிஐ பண்டிலின் இன்டர்ஃபேஸ். பெயர் ஒன்று, ஆள் வேறு. இந்த சர்வீஸைக் கொடுத்தால் காஸ்ட் உடையும் என்று ரிஜிஸ்ட்ரிக்குத் தெரியும், அதனால் காட்டாமலே மறைத்துவிடுகிறது. எரர் வராது.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. பண்டில் கான்டெக்ஸ்ட்டில் கெட் சர்வீஸ் ரெஃபரன்சஸ் என்ற மெத்தட்டோடு, கெட் ஆல் சர்வீஸ் ரெஃபரன்சஸ் என்று இன்னொன்றும் உண்டு. முதலாவது இந்தப் பொருத்தத்தைப் பார்த்து வடிகட்டும், இரண்டாவது வடிகட்டாது. முதலாவதில் இல்லாமல் இரண்டாவதில் இருந்தால் காரணம் இதுவேதான். பில் பண்டிலின் ஹெடரைப் பாருங்கள்: ஏபிஐ பேக்கேஜ் இம்போர்ட்டில் இருக்கிறதா? இல்லை என்றால் ஜாரைத் திறந்து அந்தப் பேக்கேஜ் உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் வெளியே எடுத்துவிட்டு இம்போர்ட் செய்யுங்கள்.

இதே காரணத்தின் இன்னொரு முகம், "இந்தக் கிளாஸை இந்தக் கிளாஸாக மாற்ற முடியாது" என்று இரண்டு பக்கமும் ஒரே பெயர் போட்டு வரும் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன். மருந்தும் அதேதான். ஏபிஐ பேக்கேஜ் ரன்டைமில் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்.

பண்டில் ஆக்டிவ், காம்பொனன்ட் மட்டும் உயிர் பெறவில்லை

டிக்ளரேட்டிவ் சர்வீசஸில் பண்டிலின் நிலையும், எஸ்.சி.ஆர். என்ற எக்ஸ்டெண்டர் பண்டில் அதற்குள்ளிருந்து உருவாக்கி இணைக்கும் காம்பொனன்ட்டின் நிலையும் தனித்தனி. எஸ்.சி.ஆர். லிஸ்ட் கமாண்டில் உங்கள் காம்பொனன்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டியலிலேயே இல்லை என்றால், காம்பொனன்ட் அனோட்டேஷன் ஓடும்போது படிக்கப்படுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பில்ட் நேரத்தில் பிஎன்டி அதைப் படித்து எக்ஸ்எம்எல் எழுதி, மேனிஃபெஸ்ட்டில் சர்வீஸ் காம்பொனன்ட் என்ற ஹெடரைச் சேர்க்கும். அந்த ஹெடர் இல்லை என்றால் பில்ட்தான் குற்றவாளி. ஹெடர் இருந்தும் பட்டியலில் இல்லை என்றால் எக்ஸ்எம்எல் ஃபைல் ஜாரில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.சி.ஆர். கமாண்டே இல்லை என்றால் அந்த எக்ஸ்டெண்டர் பண்டிலே ரன்டைமில் இல்லை.

அன்சாட்டிஸ்ஃபைட் என்று இருந்தால் எஸ்.சி.ஆர். இன்ஃபோ எந்த ரெஃபரன்ஸ் (காம்பொனன்ட் கேட்கும் சர்வீஸ்) நிறைவேறவில்லை என்று காட்டும். எல்லா ரெஃபரன்ஸும் சரி என்றால் கான்ஃபிக். கான்ஃபிக் கட்டாயம் என்று குறித்திருந்தால், அதன் அடையாளமான பிஐடி பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் காம்பொனன்ட் எழாது. பெயர் சரியாக இருந்தும் எழவில்லை என்றால் கான்ஃபிகின் லொகேஷனைப் பாருங்கள். வேறொரு பண்டில் நிரல் வழியாக அந்த கான்ஃபிகை உருவாக்கும்போது லொகேஷன் கொடுக்காமல் விட்டால், அது உருவாக்கிய பண்டிலோடு கட்டப்பட்டுவிடும். உருவாக்கும்போது லொகேஷனாகக் கேள்விக்குறியைக் கொடுங்கள்.

சாட்டிஸ்ஃபைட் என்று நின்று ஆக்டிவ் ஆகவில்லை என்றால் கவலை வேண்டாம். சர்வீஸ் தரும் காம்பொனன்ட் யாராவது கேட்கும் வரை உருவாகாது. உடனே வேண்டும் என்றால்தான் இம்மீடியட் என்று குறிக்க வேண்டும்.

சர்வீஸ் வருகிறது, ஆனால் நான் நினைத்தது வரவில்லை

ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு சர்வீஸ் இருந்தால் ரேங்கிங் அதிகமானது வரும்; சமமாக இருந்தால் முதலில் பதிவானது வரும். ரேங்கிங் 100 என்று கொடுத்தும் பழையதே வருகிறதா? அந்த மதிப்பின் வகையைப் பாருங்கள். சர்வீஸ் ரேங்கிங் இன்டிஜராக இருக்க வேண்டும். அனோட்டேஷனில் வகை குறிப்பிடாமல் எழுதினால் அது ஸ்ட்ரிங் ஆகிவிடும், ஸ்ட்ரிங் என்றால் 0 என்று கணக்கு. எச்சரிக்கை கூட வராது. ஒரு வேலையில் இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன். பட்டியலில் 100 என்று பார்த்தால் எண்ணா எழுத்தா என்று கண்ணுக்குத் தெரியாது. பெயருக்கும் சமக்குறிக்கும் நடுவில் முக்காற்புள்ளி வைத்து இன்டிஜர் என்று சேர்த்தால் தீர்ந்தது.

பிறகு வந்த சர்வீஸ் சேர்வதில்லை

முதலில் எல்லாம் ஓடுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போது வரிப் பண்டிலைச் சேர்த்தால் பில் பண்டில் கண்டுகொள்வதில்லை. ரெஃபரன்ஸ் ஆப்ஷனலாக இருக்கும், பாலிசி எதுவும் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதாவிட்டால் ஸ்டாட்டிக், ரிலக்டண்ட். காம்பொனன்ட் ஒருமுறை ஆக்டிவ் ஆகிவிட்டால் புதிதாக வருபவரை அது திரும்பிப் பார்க்காது. கிரீடி என்று மாற்றினால் காம்பொனன்ட் இறங்கிப் புதிதாக ஏறி, வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும். இறங்காமலே சேர வேண்டும் என்றால் டைனமிக். அப்போது ஃபீல்ட் வாலட்டைலாக இருக்க வேண்டும், நடுவில் அது நல் ஆகலாம் என்பதற்கும் நிரல் தயாராக இருக்க வேண்டும்.

இதைப் பண்டில்கள் எழும் வரிசையைத் தீர்மானிக்கும் ஸ்டார்ட் லெவல் வைத்துச் சரி செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பூட் ஆகும்போது சரியாகிவிடும். வரிப் பண்டிலை ஒருமுறை அப்டேட் செய்தால் பழைய கதைதான்.

இதற்கு நேர்மாறான தொல்லை: ஒரு கான்ஃபிகில் ஒரு மதிப்பை மாற்றினால் பாதி அப்ளிகேஷன் இறங்கி ஏறுகிறது. மாடிஃபைட் மெத்தட் இல்லாத காம்பொனன்ட், கான்ஃபிக் மாறியதும் டீஆக்டிவேட் ஆகும். அதன் மேல் ஸ்டாட்டிக் ரெஃபரன்ஸ் வைத்தவர்கள் எல்லோரும் கூடவே விழுவார்கள். அடியில் இருக்கும் காம்பொனன்ட்டுக்கு ஒரு மாடிஃபைட் மெத்தட் எழுதினால் சங்கிலி நின்றுவிடும்.

அப்டேட் செய்தும் பழைய நிரலே ஓடுகிறது

ஏபிஐ பண்டிலை அப்டேட் செய்தால், ஏற்கெனவே அதோடு இணைந்திருந்தவர்கள் பழைய வயரிங்கிலேயே தொடர்வார்கள். அன்இன்ஸ்டால் செய்தால் கூட அப்படித்தான். இது பிழை இல்லை. ஓடிக்கொண்டிருப்பவரின் காலுக்கடியில் இருப்பதை உருவாமல் இருக்க வைத்த ஏற்பாடு. ரிஃப்ரெஷ் கொடுத்தால்தான் வயரிங் புதிதாகும், சார்ந்திருக்கும் பண்டில்களும் அப்போது இறங்கி ஏறும். ஆப்ஷனல் இம்போர்ட்டும் இப்படியே. தருபவர் பிறகு வந்தால் தானாக ஒட்டாது, ரிஃப்ரெஷ் வேண்டும்.

ஜாரையே ஃபோல்டரில் மாற்றி வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தும் பழையது வருகிறது என்றால் பண்டில் கேஷ். ஃபீலிக்ஸில் ஃபீலிக்ஸ் கேஷ் ஃபோல்டரை நீக்குங்கள், ஈக்வினாக்ஸில் கிளீன் ஆப்ஷனோடு எழுப்புங்கள், கராஃபிலும் கிளீன் உண்டு. ஒன்று கவனம்: கராஃபில் இப்படிச் செய்தால் ஷெல் வழியாக இன்ஸ்டால் செய்தவையும் போய்விடும். முதலில் பட்டியல் எடுத்து வையுங்கள்.

ரிஃப்ரெஷும் ஆயிற்று, ஆனால் மெமரி ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஏறுகிறது என்றால், யாரோ பழைய சர்வீஸ் ஆப்ஜெக்ட்டை ஸ்டாட்டிக் ஃபீல்டிலோ த்ரெட்லோக்கலிலோ பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆப்ஜெக்ட்டைப் பிடித்தால் போதும், அதன் கிளாஸ்லோடரும் அந்தப் பழைய பண்டிலின் எல்லாக் கிளாஸ்களும் சேர்ந்து நிற்கும். ஹீப் டம்ப் எடுத்து, அந்தப் பண்டிலின் பெயரில் எத்தனை கிளாஸ்லோடர் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் பழையதைத் தேர்ந்தெடுத்து, ஜிசி ரூட்டிலிருந்து அதற்கு வரும் பாதையைப் பாருங்கள். பிடித்திருப்பவரின் கிளாஸ் பெயர் அந்தப் பாதையிலேயே இருக்கும்.